ஈத்தீவில் ஒரு விரத இலை

அத்தியாயம் 9

"எண்பத்துநாலு படம் சார். எண்பத்துநாலும் டுபாக்கூர்" என்றாள் ஹம்சினி.

நகுலேஸ்வரன் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், காசு போட்டுத் துணி தோய்க்கும் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது அவருடைய அலுவலகம். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது மேலே கோப்பையில் தேநீர் நடுங்கும். கதவில் 'துப்பறிவாளர்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. முதுகு வலிக்கிறது என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள் பனியை வழிக்கிறார்களா என்று மறைந்திருந்து பார்த்து, காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்வதுதான் பெரும்பாலும் பிழைப்பு. அதை அவர் மறைத்ததும் இல்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை.

ஹம்சினி சென்னைக்காரி. டவுன்டவுனில் முனைவர் பட்டத்துக்குப் படித்து, ஐந்தாம் ஆண்டில் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவள். அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் எவர் மேலும் மரியாதை மிஞ்சவில்லை. துப்பறியும் வேலைக்கு அது நல்ல தகுதி என்று நகுலேஸ்வரன் நினைத்தார்.

"பொய்யெண்டு எப்பிடித் தெரியும், பிள்ளை?"

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். வேணும்னா நீங்களே பாருங்க."

அவள் போனை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மற்றவையின்ர உல்லாசப் பயணப் படங்களை ஆரும் காசு தந்தாத்தான் பார்ப்பன்."

"அதுக்குத்தான் சார் சாருஜா காசு குடுத்திருக்காங்க."

"அது உமக்கு. பாத்துச் சொல்லும். கேக்கிறன்."

விஷயம் இதுதான். ஜூலை இருபத்துநாலு, வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன்னால், பார்க் எக்ஸில் ஒரு வெள்ளை வேன், பேக்கரியில் வேலை செய்யும் பஞ்சாபிப் பெண் ஒருத்தியை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அவளுக்கு இரண்டு காலும் முறிந்தது. ஒரு கடைக் கேமராவில் வேனின் முதுகு விழுந்தது. ஓட்டியவரின் முகம் விழவில்லை. வேன் தியாகலிங்கத்தின் தரை ஓடு பதிக்கும் கம்பனியுடையது. ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் அவர் வீட்டுப் பின்வளவில் நிற்பது. சாவி இரண்டு. ஒன்று முதலாளியிடம், மற்றது அவரிடம் வேலை செய்யும் வினோஜனிடம்.

அது கட்டட வேலைக்காரர் எல்லோருக்கும் விடுமுறையான இரண்டு வாரம். முதலாளி விடுமுறைக்கு வடக்கே போனார், போனதற்குச் சாட்சியாக எண்பத்துநாலு படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். வினோஜன் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் இரவெல்லாம் பாத்திரம் கழுவப் போனான். அன்று காலை வீட்டில் தூங்கினேன் என்றான். தூங்கியதற்கு யார் சாட்சி? மனைவி சாருஜா குழந்தைகள் காப்பகத்தில் வேலையில் இருந்தாள். அவனுடைய அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. குற்றவாளி என்று ஒரு வரி ஏறினால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை நீதிமன்றம். 'பேசாமல் ஒத்துக்கொள், நல்ல லோயர் பிடித்துத் தாறன்' என்று தியாகலிங்கம் சொல்லியிருந்தார். அடித்து அடித்துச் சொன்னால் மாடு கூடத் தலையாட்டும், வினோஜன் ஆட்டிவிட்டான். சாருஜாதான் ஆட்டவில்லை. இரண்டு கிழமைக்கு முன்னால் இந்தப் படியேறி வந்து, இந்த நாற்காலியில் இருந்து, "அவர் செய்யேல்லை, செய்தவரைப் பிடிச்சுத் தாங்கோ" என்றாள்.

இன்று சனிக்கிழமை.

"சொல்லும். எங்க போனவராம்?"

"மிங்கான் பக்கம். ஆயிரத்து நூறு கிலோமீட்டர். அங்கேர்ந்து போட்ல ஒரு தீவு. பேரு இல் ஓ மூஷ். ஈத்தீவுன்னு அர்த்தம். பேர்லயே எச்சரிக்கை வச்சிருக்கான், அப்பவும் போவாங்க." அவள் படங்களைத் தள்ளினாள். "ஒரு கலங்கரை விளக்கம். நாலு அறை விடுதி. மீதி எல்லாம் கல்லு. பக்கத்துத் தீவுல பூச்சாடி மாதிரி பெரிய பெரிய சுண்ணாம்புக்கல் தூண், அதைக் கட்டிப்பிடிச்சு ஒரு படம். வாயில மீனோட ஒரு பறவை, கோமாளி மாதிரி மூக்கு. திமிங்கிலம்னு ஒரு படம், எனக்குத் தெரிஞ்சது தண்ணிதான். அருவி. கடைசியா, வியாழக்கிழமை மூணு மணிக்குப் போட்டது, ஒரு வாழை இலைச் சாப்பாடு. சோறு, பருப்பு, அஞ்சாறு கறி, சுண்டைக்காய் மாதிரி ஒரு வறுவல். அந்தக் கல்லுல ஏது சார் வாழை இலை? அங்கதான் மாட்டினான்."

"ஐஸ் பெட்டி" என்றார் நகுலேஸ்வரன். "எங்கட சனம் சந்திரனுக்குப் போனாலும் முன்னுக்கு ஐஸ் பெட்டி இறங்கும்."

ஹம்சினி விடவில்லை. விடுதிக்குப் போன் போட்டாள். முழு பிரெஞ்சில் ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி, 'மெர்சி' என்று முடித்தபோது அவள் முகம் தொங்கிவிட்டது.

"போயிருக்கான் சார். பொண்டாட்டியோட. இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்தாறு வரைக்கும் அறைக்குக் காசு கட்டியிருக்கான். அந்தம்மாவுக்கு நல்லா ஞாபகம் இருக்காம். மீன் சூப்ல போட மிளகாய்த்தூள் இல்லையான்னு சண்டை போட்டானாம்."

"அப்ப ஆள் போனது உண்மை."

"எண்பத்துநாலும் உண்மை. த்தூ" என்றாள் ஹம்சினி. ஒருவன் பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு இருந்த வருத்தம் அசலானது.

*

பத்திநாதர் கடை அடுத்த தெருவில். விபத்து நடந்தது அதற்கும் ஒரு முனை தள்ளி. பத்திநாதருக்கு எழுபது வயது. கழுத்தில் செபமாலை, கடையில் விபூதி, கற்பூரம், விரதச் சாமான் எல்லாம் உண்டு. நகுலேஸ்வரனைக் கண்டதும் அவர் கைகளை உயர்த்தினார்.

"நகுலேசு, எத்தினை தரம் கேப்பீர்? நான் வேனைக் காணேல்லை. அண்டைக்கு நான் கண்டது கையள் மட்டும்தான்."

"என்ன கையள்?" என்றாள் ஹம்சினி.

"உங்கட ஆளைக் கேளும், தங்கச்சி. இவரும் நிண்டவர். ரொறொன்ரோவால வாற காய்ப்பெட்டி, விமானம் பிந்தி, அமாவாசை அண்டு காலமை பத்து மணிக்குத்தான் என்ர பின்கதவுக்கு வந்தது. ஒரே ஒரு பெட்டி. திறக்க முந்தியே கை. ஆளுக்கு ஒரு பிடி எண்டு குடுத்தன். நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கு அந்தக் காயின்ர ருசியும் தெரியாது. ஆனா அண்டைக்கு என்னைக் கொண்டுபோட்டிருப்பாங்கள்."

"நாப்பத்தோராவது ஆளா நிண்டனான்" என்றார் நகுலேஸ்வரன். அவர் குரலில் அப்படி ஒரு கசப்பை ஹம்சினி கொலை வழக்கில் கூடக் கேட்டதில்லை. "எனக்கு முன்னால மாஸ்க் போட்ட ஒரு மனிசி. கடைசிப் பிடியை அள்ளிக்கொண்டு போட்டாள். திரும்பியும் பாக்கேல்லை. பத்தே முக்காலுக்கே கோவத்தில வெளிக்கிட்டிட்டன். நிண்டிருந்தா வேனைக் கண்டிருப்பன்."

"ஃப்ரோசன் பைக்கற் கிடந்தது" என்றார் பத்திநாதர். "போன வருஷத்தான். ஒருத்தரும் தொடேல்லை."

"ஃப்ரோசனை மனிசர் படைப்பினமோ?"

"சார், என்ன காய் அது? கஞ்சாவா?"

"காத்தோட்டிக்காய்." நகுலேஸ்வரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தகப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசைக்கு விரதம். ஒருநேரச் சாப்பாடு. அதில இந்தக் காய் இருக்கவேணும். வருஷத்தில அந்த ஒரு நாள்தான். மற்ற நாளில நாயும் மணக்காது, அவ்வளவு கைப்பு. மொன்றியல் முழுக்க வேற ஒரு கடையிலயும் இல்லை. அப்பர் செத்து இருபத்திரண்டு வருஷம். முதல்தரம் அது இல்லாமல் இலையில இருந்தனான்."

"எங்க ஊர்ல வாழைக்காயே போதும் சார். எங்க முன்னோர் எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க."

"அதுதான் உங்கட ஊர் அப்பிடிக் கிடக்கு."

கடையில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது பத்திநாதர் ஒரு அழைப்பிதழை எடுத்து நீட்டினார். வழுவழுப்பான தாள். கற்தூணைக் கட்டிப்பிடித்தபடி தியாகலிங்கம். கீழே: 'உலகின் விளிம்பில் ஒரு வாரம். பயண அனுபவப் பகிர்வு. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. சிற்றுண்டி உண்டு.'

"உமக்கும் தரச்சொன்னவர். 'துப்பறியிறவரும் வந்து என்ர தீவைப் பாக்கட்டும்' எண்டு சிரிச்சவர்."

"போலாம் சார்" என்றாள் ஹம்சினி. "வடை வாங்கிட்டாவது வருவோம். இந்தக் கேஸ்ல வேற எதுவும் கிடைக்கப் போறதில்ல."

*

மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆற்றுக்கு அடியில் ஒரே மூச்சில் ஓடி அவர்களை லொங்குய்யில் துப்பியது. அங்கிருந்து பஸ். தியாகலிங்கத்தின் வீடு பங்களாக்களுக்கு நடுவே இன்னொரு பங்களா. வாசலில் கறுப்பு ஜீப். நம்பர் தகட்டில் எண்ணுக்குப் பதிலாக அவர் பெயர். பின்வளவில் வெள்ளை வேன், முன் விளக்கு புதிதாக.

நிலவறையில் நாற்பது மடக்கு நாற்காலி. எல்லாம் நிரம்பியிருந்தன. சனம் பயணத்தைப் பார்க்க வரவில்லை, தியாகலிங்கம் கூப்பிட்டால் வராமலிருக்க முடியாது என்பதால் வந்திருந்தது. பாதிப் பேர் வீட்டுத் தரையை அவர் பதித்திருந்தார், மீதிப் பேர் பதிக்கக் கேட்டிருந்தார்கள். சுவரில் வெள்ளைத் திரை. மடிக்கணினிக்குப் பக்கத்தில், படம் மாற்றுவதற்காக நின்றுகொண்டிருந்தான் வினோஜன்.

ஹம்சினி அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளை மறுநாள் தன் வேனுக்காகக் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறவனை நிறுத்தித் தன் உல்லாசப் படத்தை மாற்ற வைக்கிறான் இந்த ஆள். அவனும் நிற்கிறான்.

"அவனுக்கு ஒரு நாற்காலி கூடப் போடல சார்."

"போட்டாலும் இருக்கமாட்டான். அதுதான் பிரச்சினை."

தியாகலிங்கம் ஐம்பத்தெட்டு வயதில் சூட் போட்டுக்கொண்டு வந்தார். தீவைப் பற்றிப் பேசினார். அந்தத் தீவை அவரே கட்டி முடித்துச் சாவி கொடுத்தவர் போலப் பேசினார்.

"இந்தப் பறவையை எங்கட ஆக்களில முதல் கண்டது நான்தான் எண்டு நினைக்கிறன்."

பறவை திரையிலிருந்து மீனை வாயில் வைத்தபடி அவரைப் பார்த்தது. அதன் பார்வையில் இருந்ததும் ஹம்சினியின் பார்வையில் இருந்ததும் ஒன்றுதான்.

"இந்தக் கல்லுத்தூண் எல்லாம் கடல் அரிச்சு அரிச்சு வந்தது. எத்தினை ஆயிரம் வருஷம்! மனிசன் எவ்வளவு சின்னவன் எண்டு அப்ப விளங்கிச்சு."

"இப்ப மறந்துட்டாரு போல" என்றாள் ஹம்சினி. முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

கலங்கரை விளக்கம். அதன் முன்னால் தியாகலிங்கம். அதன் பின்னால் தியாகலிங்கம். அருவி, தியாகலிங்கத்தின் தோளால் பாதி மறைந்தது. ஒரு படத்திலும் அவர் மனைவி சிவநேசம் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள். இப்போதும் அவள் தட்டில் வடையோடு சுவரோரம் நின்றாள். ஈ ஒன்று கூட எந்தப் படத்திலும் இல்லை.

"ஈத்தீவில ஈ இல்லையோ அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

"சும்மா பேருக்கு. நாலைஞ்சு நிண்டது. மனவுறுதி இருந்தா ஈ என்ன செய்யும்? முழுக்கிழமையும் நிண்டுதான் வந்தனாங்கள். அடுத்தது, வினோஜன்."

எண்பத்துநாலாவது படம் சுவரில் விழுந்தது. ஒரு மரப்பலகை, அதன் மேல் வாழை இலை. ஆறடி அகலத்தில் சோறும் கறியும்.

"அண்டைக்கு ஆடி அமாவாசை. உலகத்தின்ர விளிம்பில நிண்டாலும் அப்பாவை மறக்கேலாது. விடிய எழும்பி, பல்லுக் கிடுகிடுக்க அந்தக் கடலில முழுகி, ஒரு குறையும் இல்லாமல் விரதம் முடிச்சனான்."

சிலர் கைதட்டினார்கள். ஹம்சினி நகுலேஸ்வரன் பக்கம் திரும்பினாள், ஏதாவது நக்கல் சொல்ல. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, இலையின் இடப்பக்க மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்டைக்காய் எண்டு சொன்னனீர்" என்றார் மெதுவாக.

"ஆமா சார். அதோ, பச்சையா."

"இரண்டு கிழமையா உம்மட போனில இது கிடந்ததோ?"

"நீங்கதான் பாக்க மாட்டேன்னீங்க."

"ஓம். பெரிய மனிசன் நான்" என்று முணுமுணுத்தவர், எழுந்து நின்றார். குரலில் இருந்த பணிவை ஹம்சினி அதற்கு முன் கேட்டதில்லை.

"தியாகலிங்கம் அண்ணை, ஒரு கேள்வி. உந்த மூலையில கிடக்கிறது காத்தோட்டிக்காயோ?"

தியாகலிங்கம் புன்னகைத்தார். துப்பறிவாளர் கடைசியில் தன் தீவுக்கு வந்துவிட்டார்.

"வேற என்ன? அது இல்லாமல் விரதமோ?"

"இல்லை, அவ்வளவு தூரம் கொண்டுபோனது ஃப்ரோசனாக்கும் எண்டு நினைச்சன். ஃப்ரோசன்தானே?"

நாற்பது முகங்கள் தியாகலிங்கத்தைப் பார்த்தன. ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். ஆனால் அப்பாவுக்குப் போன வருஷத்துக் காயைப் படைத்தவன் என்று அத்தனை பேர் முன்னால் ஆவதா?

"என்ன கதை கதைக்கிறீர் நகுலேஸ்வரன்? ஃப்ரோசன் எங்கட வீட்டுப் படியேறாது. பச்சைக்காய். இந்த வருஷத்துப் பச்சைக்காய்."

நகுலேஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், அவர் வேலை முடிந்தது. ஹம்சினிக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் நிலவறையில் ஏதோ மாறியது. முதலில் பெண்கள் பக்கம். தலைகள் ஒன்றையொன்று பார்த்தன.

"பச்சைக்காயோ?" என்றாள் மூன்றாம் வரிசையில் ஒருத்தி. "எங்கால? நான் பத்திநாதர் கடையில கால் கடுக்க நிண்டும் எனக்கு ஆறு காய்தான் கிடைச்சது."

"எனக்கு அதுவும் இல்லை" என்றாள் இன்னொருத்தி. "அண்டைக்குக் காலமை பத்து மணிக்குத்தானே பெட்டியே வந்தது!"

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே வெளிக்கிட்டிட்டியள் எல்லோ, அண்ணை?"

ஹம்சினியின் தலைக்குள் விளக்கு எரிந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு மொன்றியலில் வந்து இறங்கிய காய். அன்று மூன்று மணிக்குப் போட்ட படம். நடுவில் ஆயிரத்து நூறு கிலோமீட்டரும் ஒரு படகும். அந்த இலை தீவில் விழவில்லை. கடையிலிருந்து வேன் ஓடும் தூரத்தில் விழுந்திருக்கிறது.

"வேன் அடிச்சது அண்டைக்குத்தானே?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. நாற்பது பேரும் வினோஜனைப் பார்த்தார்கள். அவன் மடிக்கணினியைப் பார்த்தான்.

தியாகலிங்கம் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "சமையல் விஷயம் எனக்கென்ன தெரியும்? இவள்தான் எங்கயோ வாங்கி வைச்சவள். இவளைக் கேளுங்கோ. வினோஜன், படத்தை மாத்து."

சிவநேசம் வடைத் தட்டைச் சுவரோரம் தரையில் வைத்தாள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள். "அந்தப் படத்தைப் போடாதேங்கோ எண்டு."

"சிவநேசம்!"

"புதன்கிழமையே வந்திட்டம்" என்று அவள் சபைக்குச் சொன்னாள், கணவனைப் பார்க்காமல். "ஈ கடிச்சு, கண் முகமெல்லாம் வீங்கி, குளறிக்கொண்டு ஓடிவந்தவர். ஒரு கிழமை எண்டு ஊருக்கெல்லாம் சொன்னபடியால் சனிக்கிழமை வரைக்கும் லைற்றும் போடாமல் இருந்தம். ஜீப்பை எல்லாருக்கும் தெரியும் எண்டு வேனை எடுத்தவர். நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கியூவில நிண்டனான்." அவள் நகுலேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னால."

மாஸ்க் இல்லாத அவள் முகத்தை நகுலேஸ்வரன் உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நிப்பாட்டுங்கோ எண்டன். படைக்கிற நேரம் போகுது எண்டவர்."

ஹம்சினி போனை எடுத்து, வழக்கைப் பார்க்கும் பொலிஸ் அதிகாரியின் எண்ணைத் தேடினாள்.

"வினோஜன்!" தியாகலிங்கத்தின் குரல் உடைந்து மேலே போனது. "படத்தை மாத்தடா!"

வினோஜன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். சுற்றிப் பார்த்தான். சிவநேசம் தட்டை வைத்த இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். அவன் அதில் போய் உட்கார்ந்தான். அந்த வீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு போனை எடுத்துச் சாருஜாவுக்கு அடித்தான். "ஓம். நான்தான்" என்றான். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இருந்தான்.

ஆறடி இலை சுவரில் அப்படியே நின்றது. மாற்ற ஆளில்லை.

"அப்ப அந்த மூலையில கிடக்கறது, சார்..." என்றாள் ஹம்சினி, போனில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே.

நகுலேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஓம் பிள்ளை. என்ர அப்பருக்கு வர இருந்தது."